தொட்டியடியில் கிடந்த டார்ச்

அத்தியாயம் 5

"இந்த டார்ச் லைட்டால என் கல்யாணம் நிக்கப் போகுது மேடம்."

சொல்லிவிட்டு வித்யா அதை மேஜைமேல் வைத்தாள். சாம்பல் நிறப் பிளாஸ்டிக் டார்ச். நீளம் ஒரு சாண்கூடத் தேறாது. வால் பக்கம் ஒரு நாடா தொங்கியது. ஒரு கல்யாணத்தையே நிறுத்தும் அளவுக்கு அதற்கு அப்படி என்ன பவர் என்று டில்லிபாபு குனிந்து, நிமிர்ந்து, மேஜையைச் சுற்றிவந்து பார்த்தான்.

டில்லிபாபு, சபீனா துப்பறியும் நிலையத்தின் தலைமை உதவியாளன். வேறு உதவியாளர் யாரும் கிடையாது என்பதால் அந்தப் பதவியை அவனே எடுத்துக்கொண்டான். அதற்கு முன் அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டியவன். ஆளைப் பார்த்ததுமே எங்கே இறங்குவார் என்று சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்வான். அவன் சொல்கிற ஸ்டாப்பில் யாரும் இறங்கியதில்லை என்பது நிலையத்தை நடத்தும் சபீனாவின் அபிப்பிராயம்.

அவர்கள் ஆபீஸ் அம்பத்தூரில் ஒரு தையல் கடையின் மாடியில் இருந்தது. மற்ற நாட்களில் கீழே மிஷின் ஓடுகிற சத்தத்தில் கிளையண்ட் அழுவதுகூடக் காதில் விழாது. இன்று ஞாயிறு, டெய்லர் லீவு. வித்யாவின் விசும்பல் தெளிவாகக் கேட்டது. 

"அளுவாத தங்கச்சி. இன்னா நடந்துச்சு, மொதல்லேந்து சொல்லு."

வித்யா சொன்னாள். வீடு சேக்காடு. அப்பா உத்தமனுக்கு ராணுவ டாங்கி செய்கிற ஃபாக்டரியில் வேலை. இரும்புத் தகட்டில் எங்கே வெட்டணும், எங்கே துளை போடணும் என்று கோடு போட்டுக் கொடுக்கிற மார்க்கிங் வேலை. அதே ஃபாக்டரியில் வேறொரு ஷெட்டில் வேலை செய்கிறவன்தான் கார்த்திகேசன், அவள் காதலித்தவன். அப்பா அரை மனசாகத்தான் சம்மதித்தார். ஆனாலும் சம்மதித்தார். நிச்சயம் முடிந்து தட்டும் மாற்றியாகிவிட்டது. இன்று காலை மொட்டைமாடிக்குப் போனவர் தண்ணீர்த் தொட்டியடியிலிருந்து இந்த டார்ச்சோடு இறங்கி வந்தார். டார்ச்சின் வாலில் பஞ்ச் வைத்துக் குத்தின எழுத்தில் கோணல்மாணலாக 'கார்த்தி' என்று இருந்தது.

"ராத்திரியில அவர் எங்க மாடிக்கு ஏறி வந்திருக்காருன்னு அப்பா முடிவே பண்ணிட்டார். சாயங்காலம் ஃபாக்டரி குவார்ட்டர்ஸுல அவர் வீட்டுக்குப் போய்த் தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போறார்."

"ஏதாவது திருடு போச்சா?" என்றாள் சபீனா.

"ஒண்ணுமே போகல மேடம். நானும் அதையேதான் கேட்டேன். 'பொருள் போனா வாங்கிக்கலாம், அவன் பார்க்கக் கூடாததைப் பார்த்துட்டான்'னு சொல்றார். எதைப் பார்த்தார்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கிறார்."

"கார்த்திகேசன் என்ன சொல்றார்?"

"நான் வரவே இல்லைங்கிறார். டார்ச் எப்படி அங்க வந்துச்சுன்னு கேட்டா, தெரியாதுன்னு சொல்லிட்டு அவரும் அழறார்."

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல அளுதா யாரு யாருக்குத் தொடச்சி வுடறது," என்ற டில்லி, சபீனாவின் பார்வை பட்டதும் வாயை மூடிக்கொண்டான்.

சபீனா டார்ச்சை எடுத்து சுவிட்சை அமுக்கினாள். எரியவில்லை. இன்னொரு முறை அமுக்கிப் பார்த்துவிட்டுக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"நீங்க வீட்டுக்குப் போங்க வித்யா. அப்பா கிளம்புறதுக்குள்ள நாங்க வந்துடுவோம். டில்லி, வண்டியை எடு. நம்ம ஆபீஸுக்கு ஒரு டார்ச் வாங்கணும்."

டில்லிக்குத் தலை சுற்றியது. ஒரு பெண்ணின் வாழ்க்கை அந்தரத்தில் தொங்குகிறது, இந்தம்மா ஷாப்பிங் போகிறாள். வித்யா படியிறங்கும்வரை பொறுத்திருந்தவன் கேட்டேவிட்டான்.

"மெய்யாலுமே டார்ச் வாங்கவா க்கா?"

"டார்ச்சுல பேரை யார் வேணா குத்தலாம். ஆனா இவ்வளவு மாடல் இருக்கிற காலத்துல ஒருத்தர் இந்த மாடலை ஏன் தேர்ந்தெடுக்கிறார்? அதைத் தெரிஞ்சுக்கணும்னா நாமும் கடையில நின்னு ஒரு டார்ச் தேர்ந்தெடுக்கணும். நீதான் எடுக்கப் போறே. விலை கம்மியா இருக்கணும்."

*

ஆவடி மார்க்கெட்டில் துலுக்கானத்தின் கடை ஒரு ஷட்டர் அகலம்தான். ஆனால் உள்ளே டார்ச்சுகள் சரம்சரமாகத் தொங்கின. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்த துலுக்கானம், டில்லியை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா நைனா வோணும்?"

"டார்ச் அண்ணாத்தே. வெலை கம்மியா, வெளிச்சம் சோக்கா, ஆயுசு கெட்டியா ஒண்ணு குடு."

"ஊட்டுக்கு மருமவ தேடற மாறி கேக்குறியே. எதுக்குன்னு சொல்லு, தரேன்."

எதுக்கென்று டில்லி யோசிக்கவில்லை. அவன் கண் ஏற்கெனவே ஒரு ராட்சத டார்ச்சில் ஒட்டிக்கொண்டிருந்தது. கறுப்பு அலுமினியம். முன்னால் இழுத்தால் நீள்கிற லென்ஸ். பக்கவாட்டில் சிவப்பும் நீலமுமாக மினுக்குகிற விளக்கு. போலீஸ் ஜீப்பைக் கையில் பிடித்த மாதிரி இருந்தது.

"தோ, இது. வெளிச்சம் ஒரு கிலோமீட்டர் போவும்னு அட்டைல போட்டுகீது க்கா."

"அட்டைல இன்னா வோணா போடுவான்," என்றார் துலுக்கானம். "கரெண்ட் போச்சுன்னா நீ டார்ச் எட்துகினு எங்க போவ?"

"கக்கூஸுக்கு."

"உன் ஊட்டு கக்கூஸ் ஒரு கிலோமீட்டரா?"

டில்லி டார்ச்சைக் கீழே வைத்தான். ஆனாலும் கை விடவில்லை. லென்ஸை இழுத்துச் சுவரில் அடித்துக் காட்டினான். சுவரில் பளீரென்று சின்னதாக ஒரு வட்டம் விழுந்தது. தரையில் அடித்தபோதும் அதே வட்டம், ஒரு சோற்றுத் தட்டு அகலத்துக்கு.

"பாத்துக்கோ," என்றார் துலுக்கானம். "அந்தத் தட்டுக்கு உள்ள இருக்கறதுதான் உனக்குத் தெரியும். தட்டுக்கு வெளிய பள்ளம் கீதா, பாம்பு கீதா, அது ஆண்டவனுக்குத்தான் தெரியும். நடக்கறவனுக்கு வெளிச்சம் அகலமா வுளணும் நைனா. தூரமா போயி இன்னா ஆவப்போவுது?"

அந்த நேரம் ஒரு அம்மா வந்து, திருநின்றவூர் ஏரிப் பக்கம் புதிதாகக் குடி போயிருப்பதாகவும், ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குப் போகிற வழியில் தெருவிளக்கே இல்லையென்றும் சொன்னார். துலுக்கானம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் குட்டையான டார்ச் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். தரையில் அடித்தால் பாய் விரித்த மாதிரி வெளிச்சம். போன் சார்ஜரையே சொருகிக்கொள்ளலாம். அந்த அம்மா பேரம்கூடப் பேசாமல் வாங்கிக்கொண்டு போனார். ராட்சத டார்ச் திடீரென்று டில்லிக்கு அசிங்கமாகத் தெரிந்தது.

"அப்போ சார்ஜ் போடறதுதான் நல்லதா?" என்றாள் சபீனா, ஒன்றும் தெரியாதவள் மாதிரி.

"டெய்லி எடுக்கறவங்களுக்கு சார்ஜ் நல்லதும்மா. எப்பயாச்சும் எடுக்கறவங்களுக்கு செல்தான் நல்லது. டிராயர்ல மறந்து போட்டாலும் ரெண்டு செல் வாங்கிப் போட்டா எரிஞ்சிடும். அந்தப் பெரிய டார்ச்சுக்கு உள்ள பேட்டரிய வெச்சு ஒட்டிக்கீறான். அது செத்தா மொத்த டார்ச்சும் குப்பைக்கு."

சபீனா கைப்பையைத் திறந்து சாம்பல் நிற டார்ச்சை நீட்டினாள். "இதுகூட செல் மாடல்தானே. இதை யார் வாங்குறாங்க?"

துலுக்கானம் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார்.

"இது ஃபாக்டரிகாரங்க ஐட்டமாச்சே. அவங்களுக்கோசரம்தான் நான் வாங்கியே வெக்கறேன். உள்ள போன் வுட மாட்டாங்க. டாங்கி வயித்துல தலைய வுட்டுப் பாக்கறதுக்கு கைல டார்ச் வோணும். சார்ஜ் சொருவற ஓட்டை இருந்தா கேட்லயே புடுங்கி வெச்சுக்குவான். இதுன்னா மூடியத் தெறந்து, செல்லை உள்ளங்கைல கொட்டிக் காட்டிட்டுப் போய்க்கினே இருக்கலாம்."

டில்லிக்கு முகம் விழுந்துவிட்டது. மாப்பிள்ளையைக் காப்பாற்ற வந்தவர்கள், மாப்பிள்ளையின் கழுத்துக்கு அளவெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பேரும் அவன் பேர், மாடலும் அவன் மாடல்.

"ஆனா இது எரியலையே," என்றாள் சபீனா.

துலுக்கானம் மூடியைத் திருகினார். இரண்டு பேனா செல்களும் அவர் உள்ளங்கையில் விழுந்தன. விழுந்த விதத்தைப் பார்த்ததும் அவர் தொந்தி குலுங்கச் சிரித்தார்.

"செல்லு நல்லாத்தான் கீதும்மா. ஒண்ணைத் தலைகீழாப் போட்டு வெச்சுகீறாங்க. பைக்குள்ள சுவிட்சு அமுங்கி, தானா எரிஞ்சு செல் தீந்துடக் கூடாதுன்னு சில பேரு அப்டி செய்வாங்க. மகா கஞ்சனுங்க."

செல்லைத் திருப்பிப் போட்டார். பளிச்சென்று எரிந்தது.

சபீனாவின் கண்ணும் பளிச்சிட்டது. டில்லிக்கு அந்தப் பார்வை தெரியும். அது வந்தால் மத்தியானச் சாப்பாடு தள்ளிப் போகும்.

"டில்லி, ஊரார் வீட்டு மாடிக்கு இருட்டுல ஏறுறவன், டார்ச்சை எரியாதபடி வெச்சுக்கிட்டா வருவான்?"

டில்லியின் வாய் பிளந்தது. "வர மாட்டான். அப்ப அங்க வந்தவனுக்கு டார்ச்சே தேவைப்படல. படி எங்க, தொட்டி எங்கன்னு கால் பழகின ஆளு. அந்த ஊட்டு ஆளு."

சபீனா அதற்குள் வித்யாவுக்குப் போன் போட்டுவிட்டாள். "ஒரே ஒரு கேள்வி. உங்க வீட்ல செல்லைத் தலைகீழாப் போட்டு வைக்கிற பழக்கம் யாருக்கு?"

"அப்பாவுக்குத்தான் மேடம். எதுல செல் இருந்தாலும் வேலை முடிஞ்சதும் ஒண்ணைத் திருப்பிடுவார். டிவி ரிமோட்லகூட. போன தீபாவளிக்கு ஊருக்குப் போனப்போ சுவர்க் கடிகாரத்துலயே திருப்பிட்டார். ஏன் மேடம்?"

"வந்து சொல்றேன்," என்று வைத்துவிட்டாள்.

கடையில் ஆபீஸுக்காக அதே சாம்பல் நிற மாடலில் ஒன்றை வாங்கிக்கொண்டாள். டில்லி ராட்சத டார்ச்சுக்கு மனசுக்குள் பிரியாவிடை கொடுத்தான். வெளியே வந்ததும் பொரிந்து தள்ளினான்.

"க்கா, அப்பங்காரன்தான் வில்லன். பொண்ணு லவ்வு புடிக்கல. மாப்ள டார்ச்சை அடிச்சான், தானே மாடில போட்டான், தானே கண்டுபுடிச்சான். கேஸ் முடிஞ்சுது, பிரியாணி சாப்பிடலாம்."

"மாட்டிவிடணும்னு திருடின டார்ச்சுல போய் செல்லை ஏன் திருப்பணும்?"

டில்லி ஸ்கூட்டர் சாவியைப் போட்ட கையோடு நின்றான்.

"தன்னோட டார்ச்னு நினைக்கிறவர்தான் செல் தீந்துடுமேன்னு கவலைப்படுவார்," என்றாள் சபீனா. "உத்தமன் அதைத் தன்னோடதுன்னே நம்பியிருக்கார். குவார்ட்டர்ஸுக்கு விடு."

*

குவார்ட்டர்ஸ் வாசல் டீக்கடையில் கார்த்திகேசன் ஆறிப்போன டீயோடு உட்கார்ந்திருந்தான். நல்ல உயரம், நல்ல மீசை. கண் மட்டும் வெங்காயம் உரித்தவன் மாதிரி இருந்தது. சபீனா தன்னையும் டில்லியையும் அறிமுகப்படுத்திக்கொண்டு, நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"உங்க டார்ச் எங்கே தம்பி?"

"அதான் மாமா எடுத்து வெச்சுக்கிட்டு என்னைத் திட்டுறாரே மேடம்."

"அது இருக்கட்டும். வேலைக்கு எடுத்துட்டுப் போற பையில பாருங்க."

அவன் பைக்கில் மாட்டியிருந்த பையை எடுத்துத் துழாவினான். கை உள்ளேயே நின்றது. மெதுவாக வெளியே வந்தபோது அதில் ஒரு சாம்பல் நிற டார்ச். அமுக்கினான், எரிந்தது. வாலைத் திருப்பினான். கோடு போட்டது போல நேர்வரிசையில், ஒரே அளவு எழுத்தில் 'உத்தமன்' என்று குத்தியிருந்தது.

"ஐயோ," என்றான் கார்த்திகேசன். "மாமாவோடது எங்கிட்ட எப்படி வந்துச்சு?"

"நீங்கதான் சொல்லணும். வெளிய வரும்போது கேட்ல என்ன பண்ணுவாங்க?"

"டார்ச், டிபன் பாக்ஸ் எல்லாத்தையும் ஒரு நீல டிரேல வெச்சுடணும். செக் பண்ணிட்டு அந்தப் பக்கம் தள்ளுவாங்க, நாங்க எடுத்துப்போம். எல்லாரும் ஒரே கடையில வாங்கின ஒரே மாடல். எப்பவாவது மாறும், மறுநாள் மாத்திப்போம்." அவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "வெள்ளிக்கிழமை மாமா எனக்கு முன்னால நின்னார். வணக்கம் மாமான்னேன். அவர் திரும்பவே இல்லை. டிரேல கையை விட்டு ஒண்ணை எடுத்துக்கிட்டு விறுவிறுன்னு போயிட்டார். மிச்சம் இருந்ததை நான் பையில போட்டேன்."

"திரும்பி ஒரு வணக்கம் போட்டிருந்தா கேட்லயே கேஸ் முடிஞ்சிருக்கும்," என்றான் டில்லி. "முறுக்கிக்கினு போனாரு, இப்ப நம்ம ஞாயித்துக்கெழமை பணால்."

கார்த்திகேசன் எழுந்தேவிட்டான். "அப்போ இதைக் கொண்டுபோய்க் காட்டினா போதுமே மேடம். நான் குற்றவாளி இல்லை."

"போதாது," என்றாள் சபீனா. "நீங்க பார்க்கக் கூடாததைப் பார்த்துட்டீங்கன்னு சொல்றாரே, அது என்னன்னு தெரியணும். டார்ச் மாறினது தெரிஞ்சா நீங்க வரலைன்னுதான் ஆகும். அந்தப் பயம் அவருக்குள்ள அப்படியே இருந்தா இன்னிக்கு இல்லேன்னாலும் நாளைக்கு வேற காரணம் சொல்லித் தட்டைத் திருப்புவார். நீங்களும் வாங்க. ஆனா நான் கூப்பிடுற வரைக்கும் தெருமுனையில நில்லுங்க."

*

சேக்காட்டு வீட்டில் உத்தமன் இல்லை. வண்டிக்குப் பெட்ரோல் போடப் போயிருந்தார். ஹாலில் டீப்பாய்மேல் நிச்சயத் தட்டு தயாராக இருந்தது. வெற்றிலை, பழம் எல்லாம் புதிதாக வாங்கி அடுக்கியிருந்தார். உறவை முறிக்கப் போகிறவர் அதிலும் ஒரு முறை வைத்திருந்தார்.

"ரெண்டு வாரமா ராத்திரி சாப்பிட்டதும் தொட்டி நிரம்பிடுச்சான்னு பார்க்க மாடிக்குப் போறார்," என்றாள் வித்யாவின் அம்மா வசந்தகுமாரி. முழங்காலைப் பிடித்தபடி மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். "தண்ணி விஷயத்துல இவ்வளவு பொறுப்பு வந்துடுச்சேன்னு நானும் சந்தோஷப்பட்டேன்."

"வீட்ல சின்னப் பசங்க யாராவது இருக்காங்களா?"

"யாரும் இல்லையே. இவ ஒருத்திதான்."

சபீனாவும் டில்லியும் மாடிக்குப் போனார்கள். துணி காயப்போடும் கொடிகள் அவிழ்த்து ஓரத்தில் சுருட்டப்பட்டிருந்தன. வெயிலில் தளம் காலியாகக் கிடந்தது. தொட்டிக்கு முன்னால் சாக்பீஸால் என்னவோ வரைந்திருந்தது.

"பாண்டி ஆட்டம்," என்றான் டில்லி.

"யார் ஆடினாங்க? வீட்லதான் பசங்களே இல்லையே."

டில்லி குனிந்து பார்த்தான். நடுவில் ஒரு கோடு, இம்மி பிசகாமல். அதன் இரு பக்கமும் பாதங்கள். ஒவ்வொன்றுக்கும் எண், எண்ணுக்கு எண் அம்புக்குறி. இரும்புத் தகட்டில் வேலை செய்கிற கைதான் இதை வரைந்திருக்க முடியும். ஒரு ஜோடிப் பாதம் பெரியது, மிதிபட்டு மிதிபட்டு மங்கியிருந்தது. எதிரே இன்னொரு ஜோடி சின்னது. அதில் ஒரு கால்கூடப் படவில்லை, சாக்பீஸ் தூள்கூடக் கலையாமல் இருந்தது.

"பெரிய பாதத்துல நில்லு," என்றாள் சபீனா. "ஒண்ணுலேருந்து போ."

"இன்னா க்கா இது, ஏவல் கீவல்..."

"போடா."

டில்லி ஒன்றில் நின்றான். இரண்டுக்கு இடது கால். மூன்றுக்கு வலது. நான்கில் அம்பு பின்னால் போகச் சொன்னது. ஐந்தில் ஒரு அரைச் சுற்று. கால் போகிற வேகத்துக்கு இடுப்பு தானாக ஒரு வெட்டு வெட்டியது. ஆறு, ஏழு என்று போகப்போக அவனுக்குக் குஷி பிறந்துவிட்டது, தோளையும் சேர்த்துக் குலுக்கினான். எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மா, பிழிந்த சட்டையைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். எட்டில் வந்து முடிந்தபோது டில்லியின் ஒரு கை நீண்டிருந்தது, இன்னொரு கை காற்றை அணைத்திருந்தது.

"க்கா," என்றான் மூச்சிரைக்க. "நான் யாரையோ புடிச்சிகினு கீறேன்."

"யாரை?"

டில்லி எதிரே பார்த்தான். அங்கே கலையாத சின்னப் பாதங்கள் மட்டும் இருந்தன. அவன் கையைக் கீழே இறக்கினான். ஞாயிற்றுக்கிழமை வீணாயிற்றே என்று காலையிலிருந்து இருந்த எரிச்சல் அவனிடமிருந்து எங்கோ போய்விட்டது.

"அந்த மனுசன் இதுக்கா..."

"இது அவரோட ரகசியம் டில்லி. அவரே சொன்னாத்தான் உண்டு. நம்ம வாயிலேருந்து வரக் கூடாது."

கீழே வண்டிச் சத்தம் கேட்டது.

*

உத்தமன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் இருந்தார். முகத்தில் சிரிப்பென்ற சரக்கே இல்லை. துப்பறிகிறவர்கள் என்றதும் மகளை ஒரு முறை முறைத்தார்.

"துப்பறிய இதுல ஒண்ணுமில்லைம்மா. டார்ச்சுல பேர் இருக்கு."

"இருக்கு சார். உங்க டார்ச்சை ஒரு தடவை காட்டுங்களேன்."

"இதோ," என்று ஆணியில் மாட்டியிருந்த வேலைப் பையில் கையை விட்டார். டிபன் பாக்ஸை எடுத்தார். துண்டை எடுத்தார். பையைக் கவிழ்த்து உதறினார். வேறொன்றும் விழவில்லை.

சபீனா 'உத்தமன்' டார்ச்சை மேஜைமேல் வைத்தாள். பக்கத்தில் 'கார்த்தி' டார்ச்சை வைத்தாள். கேட்டையும் நீல டிரேயையும் பற்றிச் சுருக்கமாகச் சொன்னாள். செல் தலைகீழாக இருந்ததைச் சொன்னபோது வசந்தகுமாரி, "எங்க வீட்டு ரிமோட்டுக்கும் அதே கதிதான்," என்றாள்.

உத்தமனின் முகத்தில் ரத்தம் ஓடியது. அது வெட்கமில்லை. பெரிய கண்டத்திலிருந்து தப்பித்தவனின் நிம்மதி. "அப்போ அந்தப் பையன் மாடிக்கு வரவே இல்லையா? நிச்சயமா?"

"வரவே இல்லை சார். தொட்டி பார்க்கப் போனப்போ உங்க சட்டைப் பையிலேருந்தே விழுந்திருக்கும். அவ்வளவுதான்."

டில்லி அசந்துபோனான். அக்கா ஒரு கதவை அழகாகத் திறந்துவைத்துவிட்டாள். உத்தமன் அதன் வழியாக வெளியே போனால் போதும், யாருக்கும் எதுவும் தெரியாது. அவரும் போகத்தான் பார்த்தார். "ஆமாமா, தொட்டி பார்க்கப் போனப்போ," என்று ஆரம்பித்தார்.

அதற்குள் வித்யா தெருமுனையில் நின்றிருந்த கார்த்திகேசனை அழைத்து வந்துவிட்டாள். அவன் வாசற்படிக்கு உள்ளே வராமல், தலை குனிந்து நின்றான்.

"மாமா, நான் எதையும் பார்க்கலை. என்னைப் பத்தி அப்படி நினைச்சீங்களேன்னுதான் வருத்தம்."

உத்தமனின் வாய் பாதியில் நின்றது. வித்யா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.  கலெக்டரே வந்தாலும் நிமிர்ந்து பேசுகிற மனுஷன், டீப்பாய்மேல் இருந்த வெற்றிலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"மாடியில நான் டான்ஸ் ஆடினேன்."

அவரே தொடர்ந்தார்.

"ரிசப்ஷன்ல இப்போ பொண்ணோட அம்மா அப்பால்லாம் ஆடுறாங்க. போன்ல பார்த்துப் பார்த்துப் பழகினேன். காதுல இயர்போன் மாட்டிக்கிட்டு ஆடினா உங்க யாருக்கும் கேட்காதுன்னு. காலையில இவன் பேர் போட்ட டார்ச் தொட்டியடியில கிடந்ததும் எனக்கு உயிரே போச்சு. மறைஞ்சு நின்னு வீடியோ எடுத்துட்டான், நாளைக்கு ஷெட்ல எல்லாருக்கும் போட்டுக் காட்டிச் சிரிப்பான்னு நினைச்சேன். அதை எப்படிம்மா உங்ககிட்ட சொல்லுவேன்? தப்புதான்பா கார்த்தி. மன்னிச்சுடு."

"மாமா," என்றான் கார்த்திகேசன், பாவமாக. "ஷெட்டுக்குள்ள போனே விட மாட்டாங்களே."

டில்லி சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வித்யா அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியவில்லை, இரண்டும் சேர்ந்து வந்தது. வசந்தகுமாரி மட்டும் சிரிக்கவில்லை.

"யார்கூட ஆடுறதா இருந்தீங்க?"

"யார்கூட ஆடுவாங்க? உன்கூடத்தான். கேட்கக் கூச்சமா இருந்துச்சு."

"நானா?" அவள் முழங்காலைக் காட்டினாள். "இந்த மூட்டுவலியை வெச்சுக்கிட்டு மாடிப்படியே நின்னு நின்னு ஏறுறேன். நான் போய் ஆடறதா?"

"தெரியும்," என்றார் உத்தமன், இன்னும் வெற்றிலையைப் பார்த்தபடி. "அதனாலதான் சுத்துறது, குனியறது எல்லாத்தையும் என் பக்கம் வெச்சுக்கிட்டேன். உன் அடி ஒவ்வொண்ணும் அரை அடிதான். வலிக்காது. அளந்துதான் போட்டிருக்கேன்."

 வசந்தகுமாரி நாற்காலியின் கையை ஊன்றி எழுந்தாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"வித்யா, மாப்பிள்ளைக்குக் காபி போட்டுக் கொடு," என்றாள். "நானும் அப்பாவும் மாடிக்குப் போய்ட்டு வரோம்."